மாவுக்கட்டும் கம்பளியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வழுக்கி விழவில்லை. வழுக்கி விழுந்ததாகத்தான் சூப்பர்வைசர் ஆபீசில் எழுதிக் கொடுத்தார். எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். என் புருஷன் கடைசிவரைக்கும் "அன்னைக்கு இவ வழுக்கி விழுந்தாளா" என்றுதான் கதையைத் தொடங்குவார். நடந்தது வேறு. தேயிலைக்காட்டில் மழைத் தண்ணீர் வடிவதற்காகக் கான் வெட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கானைக் களை மூடிக் கிடந்தது. களை எடுக்க ஆள் விடவில்லை. மழை வலுப்பதற்குள் கொழுந்தை எடை போட்டாக வேண்டும், ஓடு ஓடு என்று விரட்டியவர் அதே சூப்பர்வைசர். தலையில் கொழுந்து மூட்டை, காலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத குழி. வலது பாதம் உள்ளே மாட்டிக்கொண்டது, உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. கணுக்காலில் காய்ந்த விறகு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. இதற்குப் பெயர் வழுக்கி விழுவதா?

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம் அது. மூணாறிலிருந்து மறையூருக்கு இறங்குகிற ரோட்டுக்கு மேலே இருந்தது எங்கள் எஸ்டேட். எனக்கு வயது இருபத்து மூன்று, கல்யாணமாகி இரண்டு வருடம். கூடக் கொழுந்து பறித்த நான்கு பெண்கள் மழைக்கு நான் போர்த்தியிருந்த கம்பளியையே விரித்து, அதில் என்னைப் போட்டு, கொழுந்து லாரி நிற்கும் இடம் வரை தூக்கிப் போனார்கள். பாதி வழியில் கம்பளி நடுவில் கிழிந்து நான் ஒருமுறை கீழே விழுந்தேன். வலியில் நான்கு பேரின் பரம்பரையையும் திட்டித் தீர்த்தேன். அவர்கள் மறுபடி தூக்கினார்கள்.

அந்தக் கம்பளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக்ரோல் புத்தகத்தில் நிரந்தரமாகப் பேர் ஏறிய ஆளுக்குத்தான் எஸ்டேட் வருடம் ஒரு கம்பளி கொடுக்கும். தற்காலிக ஆளுக்குக் கிடையாது. எல்லாக் கம்பளியும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. காலையில் பேர் கூப்பிடும் இடத்தில் மாறிப் போய்விடும் என்பதால் ஒவ்வொருவரும் ஓரத்தில் நூலால் ஒரு அடையாளம் போட்டுக்கொள்வார்கள். என்னுடையது மூன்று சிவப்புத் தையல். அது என் அம்மாவின் அடையாளம். நெஞ்சு நோய் வந்து அம்மா வேலையை விட்டபோது அவளுடைய பேர் எனக்கு வந்தது. எஸ்டேட்டில் அப்படித்தான்; ஒருவருக்கு முடியாமல் போனால் அந்த இடம் அந்த வீட்டிலேயே இன்னொருவருக்குப் போகும். மறு வருடம் அம்மா போய்விட்டாள். அவளிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பேரும் மூன்று தையலும் மட்டும்தான்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் டாக்டர் மலையாளி. ஒல்லியான, சிரிக்கவே தெரியாத மனிதர். படம் எடுத்துப் பார்த்து, எலும்பை இழுத்து வைத்து, விரல் நுனியிலிருந்து முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டார். ஆறு வாரம் தொடக்கூடாது, நனைக்கக்கூடாது, காலை ஊன்றக்கூடாது என்று மூன்று விரலை நீட்டிச் சொன்னார். என் புருஷன் மூன்று விரலுக்கும் தலையாட்டினார். அவர் ஃபேக்டரியில் வேலை செய்தவர். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஆரம்பித்தது பார்க்க வருகிறவர்களின் தொல்லை. வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி. அந்த ஒரு அறையில் நான் காலை நீட்டிக் கிடக்கிறேன். வருகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. உள்ளே வந்து காலைப் பார்ப்பார்கள், பிறகு என் வயிற்றைப் பார்ப்பார்கள். பிள்ளை இல்லாத வயிறும் உடைந்த காலும் சேர்ந்து ஒரே வீட்டில் கிடைத்தால் ஊர்வாய்க்கு வேறென்ன வேண்டும்! மாமியார் கடுங்காப்பி போட்டுப் போட்டுக் கொடுப்பார். அவர்கள் குடித்துக்கொண்டே எனக்கு வைத்தியம் சொல்வார்கள். என்னைப் பார்த்துச் சொன்னால்கூடப் பொறுத்திருப்பேன். மாமியாரைப் பார்த்துச் சொல்வார்கள், கால் அவருடையது மாதிரி.

எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "என்னக்கா, இத்தன நாளாவா கட்டைப் பிரிக்காமப் போட்டு வச்சிருக்கீக?"

எங்கள் ஆட்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். அங்கே எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துத் தடவிக் கட்டுவார். எட்டு நாளைக்கு ஒருமுறை பிரித்து, எண்ணெய் ஊற்றி நீவி, மறுபடி கட்டுவார். பிரிக்காமல் விட்டால் அந்த வைத்தியருக்கு அக்கறை இல்லை என்று அர்த்தம். ஆகவே ஆறு வாரம் தொடாதே என்று சொன்ன டாக்டர், எங்கள் லயத்தின் கணக்கில், ஏழை என்பதால் எங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டவர். கூலிக்காரப் பொம்பளை கால்தானே என்று ஒரு கட்டைப் போட்டு அனுப்பிவிட்டார் என்று அவர்கள் சத்தியமாக நம்பினார்கள்.

மூன்றாவது வாரம் அரிப்பு தொடங்கியது. உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், விரல் போகாது. துடைப்பக் குச்சியை விட்டுச் சொறிந்தேன், குச்சி உள்ளேயே முறிந்துபோனது. நான் அழுதேன். மாமியாருக்குத் தாங்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். மலம் ஜலம் எடுத்துப் போட்டவர் அவர்தான்.

"எட்டி, ஒருக்கா பிரிச்சு எண்ணெ போட்டுட்டுக் கெட்டிருவோம். கெடந்து துடிக்கியே, எனக்குப் பாக்க முடியல" என்றார்.

பல வருடங்களாக நான் இந்த இடத்தில் என் மாமியார் கட்டை அறுத்தார் என்றுதான் சொல்லி வந்தேன். கேட்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். எனக்கு அது இதமாக இருக்கும். உண்மை என்னவென்றால், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வளைந்த கத்தி என் தலைமாட்டில் சுவரில் செருகியிருந்தது. அதை எட்டி எடுத்து மாமியார் கையில் கொடுத்தவள் நான். எட்டாவது வரை படித்தவள், டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டவள், நான்தான் கொடுத்தேன். அந்தக் கோபம் இன்னும் என்மேல் எனக்குத் தீரவில்லை.

கட்டை அறுத்ததும் சுகமாக இருந்தது. அந்த அரைமணி நேரச் சுகத்துக்குத்தான் இத்தனையும். மறுநாள் என் கொழுந்தன், புருஷனின் தம்பி, இருபது வயது, பஸ் பிடித்து மறையூருக்குப் போய் ஒரு வைத்தியரைக் கூட்டி வந்தான். வெல்லம் காய்ச்சும் ஆலையில் கைகால் முறிகிறவர்களுக்குக் கட்டுப் போடுகிறவராம். அவர் என் பாதத்தைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். அடுத்த லயத்துக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். எட்டாம் நாள் ஒருமுறை, பதினாறாம் நாள் ஒருமுறை கட்டு மாறியது. மூன்றாவது முறை மாற்ற நான் விடவில்லை. கால் பூசணிக்காயாக வீங்கி நீலம் பாரித்திருந்தது. மறுபடி கொழுந்து லாரி, மறுபடி அதே டாக்டர்.

"ஆரா இது வெட்டியது?" என்றார்.

என் புருஷன் தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சேர்ந்நு வந்ந எலும்பு! நிங்ஙளுக்கு விவரம் இல்லே?" அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. எதற்குத் தொடக்கூடாது, தொட்டால் என்ன ஆகும் என்று இரண்டு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? மூன்று விரலை நீட்டினால் போதுமா?

மயக்கம் கொடுத்து, கோணிய எலும்பை மறுபடி இழுத்து வைத்தார்கள். இந்தமுறை பத்து வாரம். பழையபடி நேராக வராது, கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டில் யாராவது கை வைத்தால் அந்தக் கையை உடைப்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வைத்தியம் சொல்ல வந்தவர்களை வாசலிலேயே விரட்டினேன். எனக்குத் திமிர் பிடித்துவிட்டது என்று லயம் முழுக்கப் பேச்சு. ஆமாம், பிடித்திருந்தது.

கார்த்திகையில் கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கால் இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, மயிர் வளர்ந்து, யாருடைய காலோ மாதிரி இருந்தது. பாதம் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கதவின் கீல் துருப்பிடித்தால் எப்படி, அப்படி. டாக்டர் ஒரு பாட்டிலைத் தரையில் போட்டு, உள்ளங்காலால் உருட்டச் சொன்னார். காற்றில் கட்டைவிரலால் எழுதிப் பழகச் சொன்னார். தை மாதம் வரை மெடிக்கல் லீவுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இருக்கும்வரை செக்ரோலில் பேரை வெட்ட முடியாது. சீட்டு முடிகிற அன்று வந்து நடந்து காட்ட வேண்டும், வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று அன்று எழுதுவேன் என்றார்.

மண்ணெண்ணெய் பாட்டிலைக் கழுவி உருட்ட ஆரம்பித்தேன். பத்து உருட்டுக்குள் அழுகை வரும். பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தோன்றும். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கம்பு, மிலார் என்போம், அதில் ஒன்றை ஊன்றிக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பேன். பழைய கம்பளியின் கிழிசலைத் தைத்துத்தான் போர்த்திக்கொண்டிருந்தேன், நடுவில் காற்றுப் புகும். "இந்த வருசம் கம்பளி இன்னும் வரல" என்று புருஷன் சொல்லியிருந்தார்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம் மாமியார் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நல்ல சேதி சொல்கிற குரலில் சொன்னார்:

"இனிமே நீ மலையேறிச் சாக வேண்டாம்ட்டி. டாக்டரு ஆகாதுன்னு எழுதிட்டா, ஒம் பேரு சின்னவனுக்கு வந்துரும். ரைட்டர்ட்ட மனு எழுதியாச்சு. நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. மாமியார் வேலையை விட்டபோது அவருடைய பேர் மூத்தவரான என் புருஷனுக்கு வந்திருந்தது. சின்னவனுக்கு ஒன்றும் இல்லை, தற்காலிக வேலைதான். பேர் இல்லாதவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். ஆக, வீட்டில் ஒரு பேர் சும்மா கட்டிலில் படுத்திருக்கிறது, அதை எடுத்து அவனுக்குப் போட்டுவிடலாம் என்று மாமியாரும் என் புருஷனும் பேசி முடித்துவிட்டார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை உதைத்தேன். உதைத்தது வலது காலால். வலித்தது, ஆனால் கணுக்கால் மடங்கியது. இரண்டையும் நான் மறக்கவில்லை.

சாயங்காலம் புருஷன் மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். பொட்டலத்தைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு இப்படிக் குதிக்க? பேரு வெளிய எங்கயும் போகலையே, வீட்டுக்குள்ளதான இருக்கு" என்றார்.

"அது எங்கம்மா பேரு."

"ஒங்கம்மா இப்போ இருந்தாலும் இதைத்தான் சொல்லும். நொண்டிக்கிட்டு எப்படிட்டி மலையில ஏறுவ? நான் ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

என் நல்லதுக்கு! என் கையெழுத்து தேவைப்படும் வரை என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் உடைந்தவளுக்கு வாயும் போய்விட்டது என்று நினைத்தார்களா? அவர் நீட்டிய மனுவைக் கிழிக்கவில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் ஆகாது என்று எழுதினால் போடுகிறேன், அதுவரைக்கும் கேட்காதீர்கள் என்று சொன்னேன்.

மறுநாளிலிருந்து, எல்லோரும் வேலைக்குப் போனபிறகு, லயத்துக்குப் பின்னால் விறகுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். ஏறுவது கஷ்டமில்லை. இறங்குவதில்தான் உயிர் போனது. இறங்கும்போது பாதம் முன்னால் மடங்க வேண்டும், அது மடங்காது. இரண்டு முறை உருண்டேன். பிறகு பாதத்தைக் குறுக்காக வைத்து நண்டு மாதிரி இறங்கக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு அடிக்கும் ஒருவரைத் திட்டுவேன். களை எடுக்காத சூப்பர்வைசருக்கு ஒரு அடி, வயிற்றைப் பார்த்தவர்களுக்கு ஒரு அடி, மிக்சர் பொட்டலத்துக்கு இரண்டு. திட்ட ஆள் தீர்ந்தால் என்னையே திட்டிக்கொள்வேன்.

கொழுந்தன் ஒருநாள் விறகோடு எதிரே வந்துவிட்டான். நான் பாதையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "மதினி, தூக்கி விடவா?" என்றான். நல்ல பையன்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வேண்டாம் என்று சொல்லி, தேயிலைச் செடியைப் பிடித்து நானே எழுந்தேன்.

தை மாதம், உறைபனி கொட்டின காலை. புருஷனும் கூட வந்தார். டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்தார். குந்தச் சொன்னார், குந்தினேன். நுனிக்காலில் நிற்கச் சொன்னார், மேசையைத் தொடாமல் நின்றேன். சிமெண்ட் தரையில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்தேன். டாக்டர் பேனாவை எடுத்தார்.

அப்போது என் புருஷன் வாயைத் திறந்தார். கட்டை அறுத்தது யார் என்று கேட்ட அன்றைக்குத் தரையைப் பார்த்த மனுஷன்.

"தரையில நடக்கா சார். மலையில முடியாது. வீட்ல ரொம்பக் கஷ்டப்படுதா."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வெளியே போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே தேயிலைச் சரிவு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். செடிகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு வரிசை ஏறித் திரும்பினேன். டாக்டர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். புருஷன் கதவடியில்.

நண்டு மாதிரி இறங்கினால் டாக்டருக்குத் தெரிந்துவிடும். அதனால் பாதத்தை நேராக வைத்தேன். கொழுந்துக்காரி எப்படி இறங்குவாளோ அப்படியே இறங்கினேன். அந்தப் பன்னிரண்டு வரிசையை விட நீளமான வழியை நான் நடந்ததில்லை. கணுக்காலுக்குள் கத்தியை விட்டுத் திருகுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்ததில் உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. கீழே வந்து நின்றேன்.

"வேதன உண்டோ?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்."

அந்தக் குளிரில் என் நெற்றியில் வேர்த்திருந்ததை அவர் பார்த்தார். உதட்டையும் பார்த்தார். உட்கார்ந்து எழுதினார். "ஒரு மாசம் லைட் ஒர்க். பின்ன கொழுந்து. பேரு அங்ஙனெ தன்னே இருக்கட்டும்." சீட்டைப் புருஷனிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினார். அதற்காக அவர் முன்னால் கத்தியதை மன்னித்தேன்.

திரும்பி வரும் வழியில் புருஷன் பத்தடி முன்னால் நடந்தார். லயத்துக்கு வந்தபோது வாசல் கொடியில் ஒரு கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. புத்தம் புதிது, எஸ்டேட் கம்பளி. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். நீல நூலில் பெருக்கல் குறி.

"இது யாரு கம்பளி?" என்றேன்.

மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார். "ஒம் பேருக்கு வந்ததுதாம்ட்டி. சின்னவன் குளிர்ல போறாம்லா, அவனுக்குத்தான எப்படியும்னு ஐப்பசியிலயே அடையாளம் தச்சு எடுத்து வச்சிருந்தேன்."

ஐப்பசியில் என் கால் கட்டுக்குள் இருந்தது. கால் வருமா வராதா என்று டாக்டருக்கே தெரியாத மாதம். பாட்டிலை உருட்டி நான் அழுததெல்லாம் அதற்குப் பிறகு. அழுததை இவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிழிந்த கம்பளிக்குள் நான் நடுங்கினதையும் பார்த்தார்கள்.

உள்ளே போய்ச் சுவரில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன், மாவுக்கட்டை அறுத்த அதே கத்தி. வாசற்படியில் உட்கார்ந்து நீல நூலைத் தையல் தையலாக அறுத்து உருவினேன்.

"ஒரு கம்பளிக்கா இம்புட்டு ரோசம்?" என்றார் மாமியார்.

அடையாளம் போட வீட்டில் சிவப்பு நூல் இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் என் கல்யாணப் புடவை இருந்தது, சிவப்புக் கரை. கரையிலிருந்து இழை இழையாக உருவி, முறுக்கி, ஊசியில் கோத்தேன். கரை சுருங்கிப் பாழாய்ப் போனது. என் புருஷன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தப் புடவை என்று அவருக்குத் தெரியும். நான் மூன்று தையலையும் போட்டு முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் வரை அவர் அங்கேயே நின்றார்.